தாண்டிய பக்கங்கள்

கேள்வி: கட்டுமான நிறுவனமொன்றில் தளப் பொறியாளராக இருக்கிறேன். ஆப்பிரிக்காவில், இன்றைய கென்யாவிலுள்ள சாவோவில் ரயில் பாலம் கட்டப் போன இந்தியக் கூலிகளைத் தின்ற ஆட்கொல்லிச் சிங்கங்களைப் பற்றி, பாலம் கட்டிய ஜான் ஹென்றி பாட்டர்சனே எழுதிய புத்தகத்தை, என் பதினொரு வயது மகனுக்கு இரவு நேரத்தில் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லி வருகிறேன். ஆவலோடு கேட்கிறான், ஆனால் சில நாட்களாகத் தூக்கத்தில் அலறி எழுகிறான். புத்தகத்தை மூடி வையுங்கள் என்கிறாள் மனைவி. வெள்ளைக்காரனின் வேட்டைப் பெருமையைப் பிள்ளைக்கு ஊட்டலாமா என்று என் தம்பி கேட்கிறான். பாட்டர்சனும் என்னைப் போலப் பொறியாளர் என்பதால் எனக்கு மிகப் பிடித்த புத்தகம் இது. கூலிகள் அவரை எதிர்த்துக் கலகம் செய்யும் பகுதிகளைப் பையனுக்குச் சலிக்கும் என்று தாண்டிவிட்டேன். மற்றபடி எதையும் விடவில்லை. நான் செய்வது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாரத்துக்குள் சிங்கம் தலையை நுழைக்கும் கதையைப் படுக்கப் போகும் வேளையில் கேட்ட பிள்ளை அலறத்தான் செய்யும். உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. புத்தகத்தை மூட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கு மாற்றுங்கள். உங்கள் தம்பியின் கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. 1907இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய புத்தகத்தில் அந்தக் காலத்து அதிகாரியின் திமிர் இருக்கும் என்பதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம். இவை இரண்டும் இந்தப் பகுதிக்கு மாதந்தோறும் வருகிற கேள்விகளின் வகைதான்.

எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரி. கலகம் சலிக்கும் என்று தாண்டினீர்களாம். பதினொரு வயதுப் பையனுக்கா சலிக்கும்? 1898 செப்டம்பரில் கல்லுடைக்கும் பள்ளத்தில் ஏராளமான ஆட்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் பாட்டர்சன் ஒற்றை ஆளாக ஒரு பாறையின் மேல் ஏறி நின்று இந்துஸ்தானியில் பேசித் தப்பித்த காட்சியைவிட விறுவிறுப்பான பக்கம் அந்தப் புத்தகத்தில் எத்தனை இருக்கின்றன? பரண்மேல் உட்கார்ந்து சிங்கத்துக்காகக் காத்திருக்கும் நீண்ட இரவுகளைச் சலிக்காமல் கேட்ட பிள்ளை, இதைக் கேட்டால் கொட்டாவி விடுவான் என்று நீங்களே நம்பவில்லை. பொறியாளரைத் தொழிலாளிகள் எதிர்த்து நிற்பதை, பொறியாளரான உங்கள் வாயால் உங்கள் மகனிடம் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிள்ளையின் சலிப்பைச் சாக்காக வைக்காதீர்கள்.

அந்தச் சண்டைக்குக் காரணம் என்னவென்று படித்தீர்களா? கொத்தனாருக்கு மாதம் 45 ரூபாய், சாதாரணக் கூலிக்கு 12 ரூபாய். அந்த வித்தியாசத்துக்காக, கொத்து வேலை தெரியாதவர்களும் கொத்தனார் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார்கள். பாட்டர்சன் அதைக் கண்டுபிடித்து, செய்த வேலையின் அளவுக்கே கூலி என்று மாற்றினார். அவர்கள் அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டார்கள். அவர்கள் பொய் சொன்னது தவறு, கொலைக்குத் துணிந்தது பெருந்தவறு. நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கடல் தாண்டிப் போன ஒருவன் 33 ரூபாய்க்காக ஏன் பொய் சொல்கிறான் என்பதைத் தளப் பொறியாளரான நீங்கள் பிள்ளைக்கு விளக்கியிருக்க முடியும். அவனுக்கு அதை விளக்க உங்களைவிடத் தகுந்தவர் யார் இருக்கிறார்கள்?

அதைவிடப் பெரிய குறை, டிசம்பர் 1ஆம் தேதியை நீங்கள் விழுங்கிவிட்டது. மார்ச் மாதம் முதலே சாவோ ஆற்றுப் பாலத்து முகாம்களிலிருந்து ஆட்களை இரண்டு சிங்கங்கள் இழுத்துச் சென்றுகொண்டிருந்தன. முள்வேலி போட்டார்கள், விடிய விடியத் தீ மூட்டினார்கள், மருத்துவமனைக் கூடாரத்தையே இடம் மாற்றினார்கள்; எதுவும் பயன்படவில்லை. கூலிகளின் மேற்பார்வையாளரான ஜமேதார் உங்கன் சிங்கைப் பலர் படுத்திருந்த கூடாரத்திலிருந்தே சிங்கம் இழுத்துச் சென்றது. "விடு" என்று அவர் கத்தியதைப் பக்கத்தில் படுத்திருந்தவர் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் நிச்சயம் விரிவாகச் சொல்லியிருப்பீர்கள். ஒன்பது மாதம் இப்படிக் கழிந்த பிறகு, தொழிலாளிகள் திரண்டு வந்து, இந்தியாவிலிருந்து அரசாங்க வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்தோமே தவிர, சிங்கத்துக்கோ பேய்க்கோ இரையாவதற்கு வரவில்லை என்று பாட்டர்சனிடம் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் தண்டவாளத்தில் குறுக்கே படுத்து ரயிலை நிறுத்தி, கிடைத்த பெட்டிகளில் ஏறிப் போய்விட்டார்கள். மூன்று வாரம் பாலத்து வேலை நின்றது. போகாமல் தங்கியவர்கள் தண்ணீர்த் தொட்டிகளின் மேலும் மரக்கிளைகளிலும் கட்டிலைக் கட்டிக்கொண்டு உறங்கினார்கள். பாரம் தாங்காமல் ஒரு மரமே சாய்ந்து விழுந்ததாகவும் பாட்டர்சன் எழுதுகிறார். இதை அவரே மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னை விட்டுவிட்டு ஓடியவர்கள் சொன்ன நியாயத்தைத் தன் புத்தகத்தில் அச்சேற்றும் நேர்மை அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு இருந்தது. அதைப் படித்துச் சொல்லும் உங்களுக்கு இல்லாமல் போயிற்று.

ரயிலேறிப் போனவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போனவனுக்கு, உயிரோடு திரும்பி வருவதுதான் முதல் கடமை. பாலம் அதற்கு அப்புறம். அவனை அழைத்துச் சென்றவனோ அவன் குடும்பத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இந்த இரண்டு கடமைகளையும் ஏட்டளவில் ஒப்புக்கொள்ளாதவர்கள் கிடையாது. ஆனால் வேலை தாமதமாகும்போது அவற்றை நினைவில் வைத்திருக்கும் பொறியாளரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உங்கள் தளத்திலும் வெளி மாநிலத்து ஆட்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பார்கள் என்றே ஊகிக்கிறேன். அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

மகனுக்குக் கணக்கும் சொல்லுங்கள், இந்த வயதில் அது நன்றாகப் பதியும். இந்தியத் தொழிலாளர் 28 பேர் இறந்தார்கள் என்று எழுதும் பாட்டர்சன், ஆப்பிரிக்கர் எத்தனை பேர் என்பதற்குப் பதிவே இல்லை என்கிறார். பின்னாளில் அவரே மொத்தம் 135 என்றார். இரண்டு தோல்களையும் நெடுங்காலம் தரைவிரிப்பாக வைத்திருந்து, 1924இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அங்கே இருக்கும் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்தவர்கள், தின்னப்பட்டவர்கள் ஏறக்குறைய 35 பேர் இருக்கலாம் என்று 2009இல் மதிப்பிட்டார்கள். ஒரு சிங்கத்துக்குக் கோரைப்பல் உடைந்து சீழ் பிடித்திருந்தது. 1890களில் மாடுகளையும் காட்டெருமைகளையும் அழித்த கொள்ளைநோயால் இரையும் குறைந்திருந்தது. சிங்கம் ஏன் மனிதனைத் தின்றது என்று அவன் கேட்டால் இவ்வளவு போதும்.

ஆனால் இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை போன அந்த உகாண்டா ரயில் பாதைக்கு, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 இந்தியர்கள் ஒப்பந்தத்தில் போனார்கள்; அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் இறந்தார்கள். சிங்கங்கள் கொன்றது அதில் மிகச் சிறு பங்கு. மற்றவர்களை நோயும் விபத்தும் கொண்டுபோயின. சிங்கத்தைச் சுட்டவருக்குப் புத்தகம் கிடைத்தது. காய்ச்சலில் செத்தவனின் மனைவிக்கு ஊரில் என்ன கிடைத்தது என்று உங்கள் மகன் கேட்கட்டும். அப்படிக் கேட்கிற பிள்ளையாக அவன் வளர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாட்டர்சனின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 9ஆம் தேதி முதல் சிங்கத்தையும் 29ஆம் தேதி இரண்டாவதையும் வீழ்த்தும் வரை அவர் விழித்த இரவுகள் உண்மையானவை. அவருக்கு எதிராகப் பள்ளத்தில் சம்மட்டி தூக்கிய அதே முகாமின் ஆட்கள், 1899 ஜனவரியில் அவருக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்று கொடுத்தார்கள். ரோஷன் என்ற மேஸ்திரி இந்துஸ்தானியில் நீண்ட பாட்டு ஒன்றை எழுதினார், அதன் ஆங்கில வடிவம் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. கலகத்தை வெட்டிவிட்டால் இந்தக் கிண்ணத்துக்கு என்ன மதிப்பு? எப்போதும் கைகட்டி நின்றவர்கள் கொடுத்த பரிசாக அல்லவா உங்கள் மகன் அதை நினைப்பான்?

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நான் தாண்டியது என்று சொல்லிவிட்டே அந்தப் பக்கங்களைப் படித்துச் சொல்லுங்கள். ஏன் தாண்டினீர்கள் என்று பையன் கேட்டால், சலிக்கும் என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். டிசம்பர் 1ஆம் தேதி வந்ததும் நிறுத்தி, நீயாக இருந்தால் ரயிலில் ஏறியிருப்பாயா, மரத்தில் கட்டில் கட்டியிருப்பாயா என்று அவனிடம் கேளுங்கள். அவன் அதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்பான். பொறியாளராக இல்லாமல் ஒரு குடும்பத்தின் தகப்பனாக, அவன் அம்மாவின் எதிரில் பதில் சொல்லுங்கள்.