லாப் ரிப்போர்ட் திருத்தித் திருத்திக் களைத்துப்போன தங்கச்சிக்கு

கிளிநொச்சி கரடிப்போக்குப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் உயர் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் வகுப்பு எடுக்கிறாராம். அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிற மூன்று பேர் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, ஆய்வுகூட அறிக்கைகளை நீட்டி, "மிஸ், இதைத் திருத்தித் தாங்கோ" என்கிறார்களாம். "முழுவதையும் சிவப்பால் திருத்திக் கொடுக்கிறேன், அடுத்த கிழமை அதே பிழைகளோடு வருகிறார்கள். எனக்குப் பொறியியலும் தெரியாது. ஒருவர் சாட்ஜிபிடி எழுதித் தந்ததை அப்படியே கொண்டுவருகிறார். நான் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காசு வாங்கலாம்?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்புப் பேனையை மூடி வையுங்கள். நீங்கள் திருத்துவது தாளை. பிள்ளை அந்தத் திருத்தத்தைப் பார்த்து வீட்டில் நல்ல தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான், அதன் தலைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நானும் தொடக்கத்தில் இதே வேலைதான் பார்த்தேன். ஒரு தம்பியின் அறிக்கையில் அழகாக இருக்கட்டும் என்று 'நெக்லிஜிபிள்' (கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னது) என்ற சொல்லை நானே போட்டுக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் விரிவுரையாளர் அந்தச் சொல்லைத் தொட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம் வந்து, "சேர், அது நீங்கள் எழுதினது" என்றான். கோபத்தோடு சொல்லவில்லை, ஆனால் அவன் அப்படிச் சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. உயர்தரம் வரைக்கும் பௌதிகத்தையும் இணைந்த கணிதத்தையும் தமிழில் கரைத்துக் குடித்தவர்களுக்குக் கம்பஸ் வாசலைத் தாண்டியதும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. அதிலும் நம் வன்னிப் பிள்ளைகளில் பலர் போர் முடிந்த கையோடு, 2009, 2010 வாக்கில் முதலாம் வகுப்புக்குப் போனவர்கள், சிலர் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கொட்டகைக்குள் இருந்து அரிச்சுவடி தொடங்கியவர்கள். ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில் படித்துத்தான் இந்தப் பெறுபேறு எடுத்திருக்கிறார்கள். பம்பைமடுவில், 2021இல் வளாகமாக இருந்து தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடமும் இதே தடுமாற்றத்தைத்தான் பார்க்கிறேன். இவர்களுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சரி, வேலைக்கு வருவோம். பிட் கோர்டர் என்ற மொழியியலாளர் 1967இல் ஒரு பிரிப்புச் சொன்னார், எனக்கு அது இன்றைக்கும் கை கொடுக்கிறது. பிள்ளைக்கு விதி தெரியும், அவசரத்தில் சறுக்கிவிட்டது என்றால் அது ஒரு வகை. விதியே இன்னும் பிள்ளையின் மனதில் வேறு மாதிரி இருக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வருகிறது என்றால் அது இன்னொரு வகை. இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி, பிள்ளையைத் தன் அறிக்கையைச் சத்தமாக வாசிக்க வைப்பது. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. வாசிக்கும்போதே "ஆ மிஸ், இது பிழை" என்று தானாகத் திருத்துகிறதெல்லாம் முதல் வகை, அதற்கு உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பிழையைத் தாண்டி நிம்மதியாக வாசித்துக்கொண்டு போகிற இடங்கள்தான் உங்கள் வேலை இருக்கிற இடம். ஒரு பென்சிலால் ஓரத்தில் சின்னப் புள்ளி மட்டும் வையுங்கள். வாசித்து முடிந்ததும் அந்தப் புள்ளிகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அந்தக் கிழமைக்கு ஒன்றை, மிஞ்சினால் இரண்டை எடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். இலக்கணத் திருத்தமே பயனில்லை என்று ஜோன் ட்ரஸ்கொட் என்ற ஆய்வாளர் 1996இல் எழுதப்போய், இல்லை, தெளிவாகவும் தெரிந்தெடுத்தும் திருத்தினால் பயன் உண்டு என்று டேனா ஃபெரிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் 1999இல் பதில் எழுத, அந்த வாதம் பல வருடம் இழுபட்டது. என் அனுபவத்தில், தெரிந்தெடுத்துத் திருத்துவதுதான் சரிவருகிறது.

இனி அந்த இரண்டாம் வகைப் பிழைகள். அவற்றில் பெரும்பகுதி பிள்ளை தமிழில் சரியாக யோசிப்பதால் வருவது. அதனால் தமிழையே படியாகப் போட்டு ஏற்றுங்கள்.

மண்ணின் ஈரப்பதன் பார்க்கும் பரிசோதனையை எடுப்போம். தமிழில் ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? "மண் எடுத்து, நிறை பார்த்து, 105 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் காயவைத்து, ஆறவிட்டு, திரும்ப நிறை பார்த்தோம்." அருமையான தமிழ் வசனம். எடுத்து, பார்த்து, வைத்து, விட்டு என்று வினையெச்சங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரேயொரு முற்றுவினை. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'அண்ட்', 'அண்ட்', 'அண்ட்' என்று அரைப் பக்கத்துக்கு ஒரு வசனம், இல்லாவிட்டால் வெறும் கொமா போட்டு ஒட்டிய வண்டில்கள். 'ரன்-ஓன்' (நிறுத்தாமல் ஒட்டிக்கொண்டே போகிற வசனம்) என்று ஓரத்தில் எழுதிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. தமிழ் வசனத்தை எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு வினையெச்சத்துக்குப் பிறகும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு துண்டையும் முற்றுவினை ஆக்கச் சொல்லுங்கள்: மண் எடுக்கப்பட்டது, நிறை பார்க்கப்பட்டது, காயவைக்கப்பட்டது. செயப்பாட்டு வினையைத் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைகள்தானே, 'பட்டது' வருகிற இடத்தில் 'வாஸ்' வரும் என்றதும் முகம் தெளியும். அறிக்கையில் செய்முறை ஏன் இறந்தகாலத்தில் வருகிறது என்பதும் அதோடு சேர்ந்து விளங்கிவிடும்.

அதே வசனத்திலேயே, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற 'எ', 'த' பிரச்சினைக்கும் ஒரு கதவு இருக்கிறது, இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோசம். தமிழில் அந்தச் சொற்கள் இல்லை என்பது உண்மை, ஆனால் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. "மண் எடுத்தோம். மண்ணைக் காயவைத்தோம்." முதல் தடவை வெறும் 'மண்', இரண்டாம் தடவை ஏன் 'மண்ணை'? ஏனென்றால் இப்போது எந்த மண் என்று தெரியும். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் கதைத்துக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். 'எ சாம்பிள் வாஸ் டேக்கன், த சாம்பிள் வாஸ் ட்ரைட்' என்பதும் அதேதான். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, எழுவாய் இடத்தில் வேற்றுமை உருபு வராது, ஆங்கிலத்தில் விதிவிலக்குகளும் நிறைய. ஆனாலும் செய்முறைப் பகுதியில் வருகிற பிழைகளில் நல்லதொரு பங்கை இது ஒன்றே தீர்த்துவிடும்.

அப்புறம் 'இருக்கு'. "இந்தச் சுற்றில் மூன்று மின்குமிழ்கள் இருக்கின்றன" என்பது 'இன் திஸ் சேர்கிட் ஹாவ் த்ரீ பல்ப்ஸ்' ஆகிவிடும். தமிழில் ஓர் இடத்தில் இருப்பதற்கும் ஒருவரிடம் இருப்பதற்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. 'இன்' என்று தொடங்கினால் 'தெயர் ஆர்' வேண்டும், 'ஹாஸ்' வேண்டுமென்றால் 'இன்' இல்லாமல் சேர்கிட்டிலேயே தொடங்க வேண்டும். வெறும் 'டிஸ்கஸ்' போதுமான இடத்தில் 'டிஸ்கஸ் எபவுட்' என்று வருவதும் இப்படித்தான், நம் 'பற்றி' உள்ளே நுழைந்துவிடுகிறது. இந்த மாதிரிச் சின்னதுகளுக்குப் பிள்ளை ஒரு கொப்பியில் தன்னுடைய பிழைகளைத் தானே எழுதி வைக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது.

பொறியியல் தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். அது உங்களுக்கு உதவிதான். அறிக்கையில் இந்தப் பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது கலந்துரையாடல் பகுதியில், அங்கே கையேட்டில் உள்ள கோட்பாட்டைத் திரும்ப எழுதிவிட்டு வருகிறார்கள். நீங்கள் உண்மையாகவே தெரியாதவராக இருந்து தமிழில் கேளுங்கள்: என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, ஏன் வித்தியாசம்? "மிஸ், எங்களுக்கு நேரம் காணாமல் 24 மணித்தியாலத்துக்கு முன்னமே மண்ணை வெளியே எடுத்துவிட்டோம், தண்ணி முழுக்கப் போயிருக்காது, அதால ஈரப்பதன் குறைவாகக் காட்டியிருக்கும்" என்று பிள்ளை சொல்லும். அதுதான் கலந்துரையாடல்! அறிக்கையில் அந்த வசனம் இருந்திருக்காது, ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் தனக்குத் தெரிந்ததையே மறந்துவிடுகிறது. சொன்னதை அப்படியே போனில் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டு சின்னச் சின்ன வசனங்களாக எழுத விடுங்கள்.

சாட்ஜிபிடி தம்பியைத் திட்டாதீர்கள், பயத்தில்தான் அதைத் தேடிப் போகிறார். ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள். கையால் எழுதிய முதல் பிரதி, எவ்வளவு பிழையாக இருந்தாலும் அதுதான் உங்கள் மேசைக்கு வர வேண்டும். செயலி எழுதியதைக் கொண்டுவந்தால், அதில் நீங்கள் தொடுகிற எந்தச் சொல்லையும் தமிழில் விளக்க வேண்டும், விளக்க முடியாத சொல்லை வெட்டிவிட்டுத் தெரிந்த சொல்லைப் போட வேண்டும். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை அவர் தன் விரிவுரையாளரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். உங்களிடம் வந்து படிப்பதையும் மறைக்கத் தேவையில்லை.

காசு விசயத்தில் தொகையை உங்கள் ஊர் வகுப்பு விலையைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள், ஆனால் பக்கக் கணக்கில் வாங்காதீர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வைத்த நிமிடமே நீங்கள் திருத்திக் கொடுக்கும் கடை ஆகிவிடுகிறீர்கள், வாட்ஸ்அப்பில் இரவு 11 மணிக்கு அறிக்கை வரும், காலையில் வேண்டும் என்பார்கள். மணித்தியாலத்துக்கு வாங்குங்கள். மூன்று பேரும் ஒரே பரிசோதனை செய்தவர்கள் என்றால் சேர்த்து இருத்தி, ஒருவர் வாசிக்க மற்ற இருவரும் கேட்கட்டும், அடுத்தவன் பிழை காதில் சட்டென்று விழும், காசையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் நாள் கொண்டுவருவதை வாங்குவதில்லை என்று இந்தச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள், இரண்டு நாளாவது இடையில் இருந்தால்தான் பிள்ளை திரும்ப எழுதும்.