பட்டறைப் பதில்கள்: எத்தனை டன் மிஷின் வாங்குவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மிஷினைப் பற்றியவை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் விறகைச் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் போலிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை டன்?" அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: நாகலூர் பக்கம் எங்களுக்கு 9 ஏக்கர் காபித் தோட்டம். நிழல் மரமாக நிற்கும் சில்வர் ஓக்கில் காற்றுக்கு விழுந்தது, அனுமதி வாங்கி வெட்டியது என்று வருடத்துக்கு 15 டன் விறகு தேறும். வழக்கமாக வந்து பிளக்கிற பெரியவருக்கு இப்போது முடியவில்லை. சேலத்தில் ஒரு கடையில் பெட்ரோல் இன்ஜின் வைத்த 27 டன் மிஷினைக் காட்டி, "இதுக்குக் கீழ வாங்காதீங்க" என்கிறார்கள். மகனோ 7 டன் கரண்டு மிஷினே போதும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
*வாசகி, ஏற்காடு*

பதில்: மகன் பேச்சில் பாதியைக் கேளுங்கள் அம்மா. கடைக்காரர் பேச்சைக் கேட்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

மிஷினின் டன் என்பது, கட்டையை எவ்வளவு பலத்தோடு அழுத்தும் என்று ஸ்டிக்கரில் ஒட்டுகிற எண். சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, எத்தனை கிலோ பிரஷரில் ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் உண்மையான டன் தெரிந்துவிடும். 100 மி.மீ. சிலிண்டர் என்றால் பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர செ.மீ. பிரஷர் சதுர செ.மீ.க்கு 200 கிலோ என்றால் பெருக்கினால் 15,700 கிலோ, அதாவது 15.7 டன். 80 மி.மீ. சிலிண்டருக்கு அதே பிரஷரில் 10 டன். கடையில் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் அங்கே வாங்க வேண்டாம். இன்னொன்று, இறக்குமதி மிஷின்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் அமெரிக்க டன். அது 907 கிலோதான். 27 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் இருபத்து நாலரைதான் வரும்.

சில்வர் ஓக் நேர் இழை மரம். வெட்டிய ஈரத்தோடு பிளந்தால் கணு இல்லாத கட்டை கோடாலிக்கே வாய் திறக்கும். ஒரு அடி விட்டம் வரை 10, 12 டன் தாராளமாகப் போதும். 7 டன் மிஷின் மெல்லிய கட்டைகளை ஒழுங்காகப் பிளக்கும். அடிமரத்திலும் கவை பிரிகிற இடத்திலும் திணறும். அந்தத் துண்டுகளை ஒதுக்கி வைத்து முழுசாகவே பாய்லர் அடுப்பில் தள்ள முடியும் என்றால் மகன் சொல்வதே சரி.

இப்போது நேரத்துக்கு வருவோம். இதை யாரும் கேட்பதில்லை. 100 மி.மீ. சிலிண்டர் 60 செ.மீ. நீள வேண்டுமானால் உள்ளே 4.7 லிட்டர் ஆயில் போக வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 16 லிட்டர் தள்ளினால், போக 18 நொடி, திரும்பி வர 13 நொடி. அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்காகத்தான் இரட்டைப் பம்ப் வைக்கிறார்கள். கட்டையைத் தொடும் வரை இரண்டு பம்பும் சேர்ந்து வேகமாகத் தள்ளும். கட்டை எதிர்த்ததும் பெரியது விலகிக்கொள்ள, சின்னது மட்டும் முழு பிரஷரில் அழுத்தும். 27 டன் ஒற்றைப் பம்பா, 12 டன் இரட்டைப் பம்பா என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன்.

பெட்ரோல் இன்ஜினைப் பற்றி ஒரு விஷயம். அதைக் கீழே சேலத்தில் ஓட்டிக் காட்டித்தான் விற்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்தால் காற்று அடர்த்தி குறைந்துவிடும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் சக்தி போகும் என்பது பட்டறைக் கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 7 எச்.பி. இன்ஜின் உங்கள் தோட்டத்தில் 6 எச்.பி.தான். கட்டையை நெருக்கும்போது உறுமி நின்றுவிட்டால் மிஷினைத் திட்டாதீர்கள். கரண்டு மோட்டாருக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் கம்பத்திலிருந்து வெகுதூரம் ஒயர் இழுத்த தோட்டங்களில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் கிளம்பாது. மாலை 7 மணிக்கு வீட்டு பல்பு மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் கரண்டு மிஷினை மறந்துவிடலாம்.

கடைசியாக 15 டன் கணக்கு. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி விட்டத்துக்கு அறுத்த பச்சைக் கட்டை தோராயமாக 25 கிலோ. அப்படி 600 கட்டை. ஒன்றுக்கு மூன்று தடவை பிளந்தால் 1,800 தடவை. தூக்கி வைப்பதோடு சேர்த்துத் தடவைக்கு 40 நொடி என்றாலும் 20 மணி நேரம்தான். வருடத்தில் நாலு நாள் வேலை! மற்ற நாளெல்லாம் காபிக் கிடங்கில் எலி கூடு கட்டத்தான் அந்த மிஷின். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஜீப் பின்னால் இழுக்கிற மாதிரி இரண்டு சக்கரம் வைத்த 12 டன் மிஷின் ஒன்றை வாங்குங்கள். நிமிர்த்தியும் படுக்க வைத்தும் ஓட்டக்கூடியதாக இருக்கட்டும். நிமிர்த்திவிட்டால் கனமான கட்டையைத் தூக்க வேண்டாம், உருட்டித் தள்ளினால் போதும். அந்தப் பெரியவரையே லிவர் பிடிக்கச் சொல்லலாம். எந்தக் கட்டை எந்தப் பக்கம் வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரிவது எந்த மிஷினுக்கும் தெரியாது.

கேள்வி: கல்யாணச் சமையல் வேலை செய்கிறேன். சாலை ஓரம் வெட்டிய புளியங்கட்டையை ஏலம் எடுத்தவரிடம் டன் கணக்கில் வாங்குகிறேன். உள்ளூரில் செய்த 10 டன் மிஷின் வைத்திருக்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது, ஆப்பின் முனையும் பல் பல்லாகப் போய்விட்டது. ரிலீஃப் வால்வை இரண்டு சுற்று முறுக்கினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
*வாசகர், அயோத்தியாபட்டணம்*

பதில்: வேண்டவே வேண்டாம். ரிலீஃப் வால்வு, குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி. அதை முறுக்கினால் பம்பு, ஹோஸ், சிலிண்டர் முனையின் வெல்டிங் எல்லாமே செய்த அளவுக்கு மேல் சுமை தாங்க வேண்டிவரும். எது முதலில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரஷர் கேஜ் ஒன்று மாட்டிப் பாருங்கள். கட்டையில் நிற்கும்போது முள் 200-ஐத் தொட்டால் மிஷின் நன்றாகவே இருக்கிறது, கட்டைதான் கெட்டி. 120, 130-லேயே நின்றால் பம்போ சீலோ தேய்ந்திருக்கும். அப்போதும் வால்வில் கை வைக்க வேலை இல்லை.

புளி முறுக்கு இழை மரம். நடு நெஞ்சில் ஆப்பை வைத்தால் 20 டன்னுக்கும் தண்ணி காட்டும். ஓரத்திலிருந்து மூன்று விரல் கனத்துக்குச் சீவிக்கொண்டே உள்ளே வாருங்கள், பலாப்பழத்தை அரிகிற மாதிரி. நாலு பக்க ஆப்பு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது நேர் இழை மரத்துக்கு ஆனது.

பல் போனதற்குக் காரணம் ஆணி. சாலைப் புளியமரத்தில் அரசியல் கட்சி, டியூஷன் சென்டர், மூலம் பவுத்திரம் என்று முப்பது வருடத் தட்டிகளின் ஆணிகள் இருக்கும். மரம் வளரும்போது அவற்றை விழுங்கிவிடும், வெளியே தெரியாது. அறுத்த முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். இரும்பும் புளியின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். அந்தத் துண்டைத் தனியாகப் போட்டுவிடுங்கள். ஆப்பு முனையைக் கிரைண்டரில் ஒரேயடியாகத் தேய்க்காதீர்கள். நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். கொஞ்சம் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பச்சைக் கட்டையின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். எடைமேடையில் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அப்புறம் அந்தத் தண்ணீரை ஆவியாக்க அடுப்பில் இன்னொரு விறகை எரிக்கிறீர்கள். வாங்கிய வாரமே பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கவாட்டை மூடக் கூடாது. தாரமங்கலத்தில் ஒரு சமையல்காரர் இரண்டு காய்ந்த பிளாச்சை ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் அடுப்புக்கு, பொத்தென்றால் திரும்ப அடுக்குக்கு.

கேள்வி: நான் கட்டையைப் பிடித்துக்கொள்ள, தம்பி லிவரை இழுத்தால் வேலை வேகமாக நடக்கிறது. மிஷின் விற்றவர் ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும் என்றார். இது உண்மையிலேயே ஆபத்தா, சும்மா சொல்வதா?
*வாசகர், வாழப்பாடி*

பதில்: என் இடது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது தம்பி. பதினைந்து வருடத்துக்கு முன்னால், அம்மாப்பேட்டையில் என் பட்டறை வாசலிலேயே போனது. ஒரு செங்கல் சூளைக்காகச் செய்த மிஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கட்டையைப் பிடித்திருந்தேன், மச்சான் லிவரில். கட்டை சாய்ந்திருந்தது. "இரு மச்சான்" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அது அவர் காதில் "விடு மச்சான்" என்று விழுந்தது. அவ்வளவுதான். நிதானமாக, 15 நொடியில் நகர்கிற பிஸ்டன். கோடாலி மாதிரி வேகமே கிடையாது. அதனால்தான் பயமே வருவதில்லை. மச்சான் அதன் பிறகு ஒரு வருடம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தப்பு அவருடையது இல்லை, அந்த மிஷினை அப்படிச் செய்தவன் நான்.

பிளந்தும் பிளக்காமலும் நாரில் தொங்குகிற கட்டைக்குள் விரலை விட்டு இழுப்பதும் இதே கதைதான். ஆப்பசைத்த குரங்கு என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. லிவரைத் திருப்பி ஆப்பை முழுக்கப் பின்னால் எடுத்துவிட்டு, கட்டையைப் புரட்டிப் போட்டு மறுபடி அழுத்துங்கள்.

இரண்டு கையும் லிவரில் இருந்தால்தான் பிஸ்டன் நகரும் என்கிற மாதிரி மிஷின் வருகிறது. உங்களுடையதில் ஒரே லிவர் என்றால் பட்டறையில் இரண்டாவது ஒன்றை இணைத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை. தம்பிக்கு வேலை வேண்டுமென்றால் பிளந்ததை எடுத்து அடுக்கட்டும், மிஷினிலிருந்து பத்தடி தள்ளி.

ஹோஸில் ஆயில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 200 கிலோ பிரஷரில் ஊசித் துளை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்க முள் குத்தின மாதிரி இருக்கும், முதலில் வலிகூடத் தெரியாது. உள்ளே சதை அழுகும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், ஈரம் படும். கையில் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

கேள்வி: டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் பம்பை நேராக மாட்டினேன். ஆமை வேகத்தில் நகர்கிறது. பம்ப் கெட்டுவிட்டதா?
*வாசகர், ஆத்தூர்*

பதில்: பம்ப் நன்றாகத்தான் இருக்கும். அது மோட்டாரின் 1,500 சுற்றுக்குச் செய்தது, பி.டி.ஓ. கொடுப்பதோ 540. ஒரு சுற்றுக்கு 16 சி.சி. தள்ளுகிற பம்ப் 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 24 லிட்டர் தரும், 540-ல் எட்டரைதான். நடுவில் சுற்றைக் கூட்டுகிற கியர் பாக்ஸ் வேண்டும். வயலில் வேலை இல்லாத நாளில் ஓட்ட இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 7 எச்.பி. வேலைக்கு 40 எச்.பி. டிராக்டரின் டீசல் எரிகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: தோட்டத்துக் கிணற்றுக்கு இலவச மும்முனை மின்சாரம் இருக்கிறது. அதில் மிஷினை ஓட்டலாமா?
*வாசகர், ஓமலூர்*

பதில்: கூடாது. அது பாசனத்துக்குக் கொடுத்தது. விறகு பிளந்து விற்பது அதில் சேராது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும் வரைதான் நிம்மதி.

கேள்வி: மார்கழி காலையில் மட்டும் பம்ப் அலறுகிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. 68 நம்பர் ஆயில்தான் ஊற்றியிருக்கிறேன்.
*வாசகர், வெள்ளக்கடை, ஏற்காடு*

பதில்: கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. 68 என்பது 40 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மை. உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அது பாகு மாதிரி ஆகிவிடும். பம்பால் உறிஞ்ச முடியாமல் கத்துகிறது. அப்படியே ஓட்டினால் உள்ளே அரித்துவிடும். மலைக்கு 46 நம்பர் போடுங்கள். கீழே சேலம் வெயிலில் இருப்பவர்கள் 68-லேயே இருக்கலாம். மாற்றும்போது டேங்கின் அடியில் இருக்கும் சல்லடையையும் கழுவிவிடுங்கள். மாற்றிய பிறகும் கத்தினால் உறிஞ்சு குழாயின் கிளிப் வழியாகக் காற்று புகுகிறது. டேங்கில் நுரை தெரியும்.

கேள்வி: புயலில் விழுந்த நாலு தென்னை கிடக்கிறது. பிளக்க எத்தனை டன் வேண்டும்?
*வாசகர், கன்னங்குறிச்சி*

பதில்: தென்னை பிளக்காது, நசுங்கி நாராகத் தொங்கும். ஆப்பில் சுற்றிக்கொண்ட நாரை அறுத்து எடுக்கவே ஒரு நாள் போகும். மரம் அறுப்பவரைக் கூப்பிட்டு, அடிப்பக்கத்து வைரம் பாய்ந்த பாகத்தை மாட்டுக் கொட்டகைக்குச் சட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள். மேல் பாகத்தை வட்ட வட்டமாக நறுக்கி வெயிலில் போடுங்கள். மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் வெந்நீர் அடுப்புக்கு இரண்டு மாதம் வரும்.