பெட்டைப் பன்றி எப்போது பருவத்துக்கு வரும்? தீவனமும் எடையும்: கேள்வி பதில்

பதில்கள் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் கலப்பினப் பெட்டைகளுக்கானவை. இவை பெரும்பாலும் 6 முதல் 7 மாதத்தில் பருவத்துக்கு வரும். நாட்டுப் பன்றி இன்னும் குறைந்த எடையிலேயே வந்துவிடும். சீனாவின் மெய்ஷான் இனத்துக்கு 3 மாதமே போதும்.

எட்டு மாதம் ஆச்சு. ஓட்டல் மிச்சம் வயிறு நிறையப் போடுறோம், பெட்டை நல்லா கொழுத்திருக்கு. இன்னும் பருவத்துக்கு வரலையே அண்ணா?

கொழுப்பு வேறு, வளர்ச்சி வேறு. ஓட்டல் மிச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 8 கிலோ போட்டால் உள்ளே போகும் உலர்பொருள் 2 கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் சோறும் இட்லியும். புரதம் குறைவு, குறிப்பாக லைசின் என்ற புரதக்கூறு. லைசின் இல்லாமல் சதை பிடிக்காது. மிஞ்சும் மாவுச்சத்து முதுகில் கொழுப்பாக ஏறும், பருவம் தள்ளிப்போகும். மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலைக்கு தினம் 300 கிராம் சோயாப் புண்ணாக்கும் 30 கிராம் தாது உப்புக் கலவையும் சேருங்கள். கடலைப் புண்ணாக்கு இதற்கு ஈடாகாது, அதில் லைசின் குறைச்சல்.

இன்னொன்று: பருவம் வந்து, நீங்கள் கவனிக்காமல் போயிருக்கலாம். இளம் பெட்டை ஆணுக்கு அசையாமல் நிற்பது ஒன்றிரண்டு நாள்தான். காலையும் மாலையும் இடுப்பில் கையூன்றி அழுத்திப் பாருங்கள். காதை விறைத்துக்கொண்டு மரம்போல் நின்றால் அதுதான் பருவம்.

சரியா வளருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எங்ககிட்ட தராசு இல்லை.

தையல் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளம், இரண்டையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 என்று பெருக்கினால் கிலோ கணக்கில் எடை. சுற்றளவு 1.10, நீளம் 1.15 என்றால் 96 கிலோ. வயது 150 நாள் என்றால் நாளுக்கு 640 கிராம் வளர்ந்திருக்கிறது, நல்ல கணக்கு. 550-க்குக் கீழே போனால் பருவம் தாமதமாகும். 800-ஐத் தாண்டவைப்பதால் பருவம் பெரிதாக முந்திவிடாது. எடை தாங்காமல் கால்கள்தான் கெடும்.

தீவனச் செலவைக் குறைக்க, அளந்து கொஞ்சமாப் போடலாமா?

இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பதில் கூடாது. உடலில் சத்து இருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போனால்தான் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும். பாதி வயிற்றோடு வளர்ந்தால் அந்தச் சேதி போகாது. ஏப்ரல், மே வெயிலில் தானாகவே தீனி குறையும். விடிகாலையிலும் இரவிலும் போடுங்கள்.

பக்கத்துக் கொட்டடியில் ஆண் எப்பவும் இருக்கு. அது போதாதா?

போதாது. எந்நேரமும் பக்கத்திலேயே இருந்தால் பெட்டைக்குப் பழகிப்போகும். ஆணைத் தள்ளி வைத்து, பெட்டைக்கு 160 நாள் ஆனதிலிருந்து தினம் 15 நிமிடம் ஒரே கொட்டடியில் விடுங்கள், ஆள் கூடவே நிற்கட்டும். ஆணுக்கு 10 மாதம் முடிந்திருக்க வேண்டும். ஆணின் எச்சில் வாடைதான் பெட்டையின் பருவத்தைத் தூண்டும், இளசின் எச்சிலில் அது போதிய அளவு இருக்காது. பெட்டைகளைக் கொட்டடி மாற்றி விடுவதும் உதவும்.

3 மாதக் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கு. இவ்வளவு சீக்கிரமா?

இது பருவமில்லை. முதுகை அழுத்தினால் நிற்காது, பாருங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் சீராலினோன் என்ற நச்சு, பெண் ஹார்மோன்போல் வேலை செய்யும். வேகவைத்தாலும் அது போகாது. அந்த மூட்டையை இன்றே நிறுத்துங்கள், வீக்கம் தானாக வடியும். குடல் வெளியே தள்ளினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் பருவத்திலேயே ஆணோடு சேர்க்கலாமா ஐயா?

வேண்டாம். முதல் முறை கருமுட்டை குறைவாக வெளிப்படும், குட்டி எண்ணிக்கை அடிபடும். தேதியைச் சுவரில் எழுதிவிட்டு 21 நாளைக்கு ஒருமுறை எண்ணுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில், 135 கிலோவுக்குக் குறையாமல் சேர்க்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து உலர் தீவனத்தை நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் ஏற்றுங்கள். சேர்த்த மறுநாளே 2 கிலோவுக்கு இறக்கிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் தொடக்கத்திலேயே கரு தங்காமல் போகும் ஆபத்து உண்டு.