நாலு மாசத்துக்கு மூன்றரை கிலோதானா?

எடை குறைப்பது பற்றி வந்த கடிதங்கள் இந்தமுறை அதிகம். பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "எல்லாம் செய்கிறேன், இறங்கவே மாட்டேன் என்கிறது." அவற்றில் சில.

எனக்கு 36 வயது. நாலு மாதமாக சாயங்கால பஜ்ஜி, போண்டா கிடையாது, இரவில் சோற்றுக்குப் பதில் ரெண்டு சப்பாத்தி, தினமும் அரை மணி நேரம் நடை. 74 கிலோ இருந்தவள் 70.5-க்குத்தான் வந்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் வெறும் ஜூஸ் குடித்து ஒரே மாதத்தில் 8 கிலோ குறைத்துவிட்டார். நான் எங்கே தப்பு செய்கிறேன்? – வாசகி, நாமக்கல்

எங்கேயும் இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். மூன்றரை கிலோவுக்குக் கிட்டத்தட்ட 27,000. நாலு மாதத்துக்குப் பிரித்தால் நாளைக்கு இருநூற்றுச் சொச்சம், அதாவது ஏறக்குறைய ரெண்டு மெதுவடை. தினமும் அவ்வளவைத்தான் உடம்பின் கையிருப்பிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் தலைசுற்றல், எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல் எதுவும் இல்லாமல் நாலு மாதத்தை ஓட்டியிருக்கிறீர்கள் (கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை, கவனித்தேன்). ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரை கிலோ குறைவதைப் பாதுகாப்பான வேகம் என்கிறது. நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகும் டயட் வேண்டாம் என்றும் சொல்கிறது. நீங்கள் வாரம் 200 கிராம் போல இறங்குகிறீர்கள். மெதுதான், ஆனால் இறங்குகிறீர்கள்.

இப்போது அந்த ஜூஸ்காரர். ஒரு மாதத்தில் 8 கிலோவும் கொழுப்பாகவே போக வேண்டுமானால் தினமும் 2,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். நம்மில் பல பெண்களுக்கு ஒரு நாள் முழுச் செலவே அவ்வளவுதான் இருக்கும், அப்படியென்றால் ஜூஸ்கூட இல்லாமல் முழுப் பட்டினி கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. பின்னே போனது என்ன? கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அது காலி. அப்புறம் புரதம் இல்லாததால் தசையும் கொஞ்சம் போகும். திரும்பச் சோறு சாப்பிட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அந்தத் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரெண்டு மூணு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டலாம், வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். அவரிடம் போய் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆரம்ப எடையில் 5 சதவீதம் 3.7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் சீராக ஆரம்பிக்கும். நீங்கள் 200 கிராம் தூரத்தில் நின்றுகொண்டு தப்பு எங்கே என்று தேடுகிறீர்கள்.

காலை, மாலை ரெண்டு வேளையும் எடை பார்ப்பவன் நான். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் ஒரேயடியாக 1.4 கிலோ ஏறிவிட்டது. ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் போச்சே! – வாசகர், திருச்சி

போகவில்லை சார். 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 10,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். மூணு பந்தியிலும் உட்கார்ந்தால்கூட அது கஷ்டம். இலையை நினைத்துப் பாருங்கள்: ஊறுகாய், அப்பளம், உருளைக்கிழங்கு சிப்ஸ், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர்மிளகாய், எல்லாவற்றிலும் உப்பு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறும் பாயசமும் ஜாங்கிரியும் காலியாக இருந்த கிளைகோஜனை நிரப்பும், கூடவே அதற்கான தண்ணீரும் சேரும். மிச்ச எடை, இன்னும் வெளியே போகாமல் வயிற்றுக்குள் இருக்கிற கல்யாணச் சாப்பாடுதான். ரெண்டு மூணு நாளில் தானாக இறங்கும். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கண்டிப்பாகக் கூடாது, தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும்.

மாலை எடையை இன்றோடு விட்டுவிடுங்கள். காலையில் கழிவறை போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே மெஷினை அதே தரையில் வைத்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் (கால்மிதியடி மேல் வைத்துப் பார்த்துவிட்டு மெஷின் பொய் சொல்கிறது என்பவர்கள் உண்டு). தினமும் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் எழுதி வைத்து ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இதைப் படிக்கும் பெண்களுக்கும் சேர்த்து: மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு ரெண்டு கிலோகூட ஏறும், அதுவும் தண்ணீர்தான். போன வாரத்தோடு ஒப்பிடாமல் போன மாதம் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள்.

வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன், எலுமிச்சை குடித்தால் கொழுப்பு கரையுமா? கொள்ளு ரசம்? – வாசகர், விழுப்புரம்

கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. கொள்ளை ரசமாகக் குடிப்பதைவிடச் சுண்டலாகச் சாப்பிடுங்கள், புரதமும் நார்ச்சத்தும் நன்றாகக் கிடைக்கும், நாலு மணிப் பசிக்கு பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போகாது.

ஆறு மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். இப்போது ஏழு வாரமாக 68-லேயே நிற்கிறது. விட்டுவிடலாம் போலிருக்கிறது. – வாசகி, மதுரை

நிற்பது சகஜம். 74 கிலோவைச் சுமந்து நடந்ததற்கும் 68-ஐச் சுமந்து நடப்பதற்கும் செலவு ஒன்றல்ல, உடம்பு இளைக்க இளைக்கக் குறைவாகத்தான் எரிக்கும். அதோடு ஆறு மாதத்தில் கை கொஞ்சம் தாராளமாகியிருக்கும், நமக்கே தெரியாது. எண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. தோசையைச் சுற்றி "லேசாக" விடுகிறோமே, அதை ஒருநாள் ஸ்பூனில் அளந்து விட்டுப் பாருங்கள், மூணு தோசைக்குள் விஷயம் தெரிந்துவிடும். அடுத்தது காபி: நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. எல்லாம் சரியாக இருந்தும் அசையாவிட்டால், அசதியும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால், டாக்டரைப் பார்த்து தைராய்டுக்கு டி.எஸ்.எச். டெஸ்ட் எடுங்கள்.

விடுவதற்கு முன் இதையும் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்டது. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை! மெஷின் அசையாத ஏழு வாரத்திலும் உங்கள் நடை உள்ளே வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு இன்ச் டேப் வாங்கி இடுப்பை அளந்து வையுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது.

மாமியார் பார்க்கும்போதெல்லாம் "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு, சீக்காளி மாதிரி இருக்கே" என்று சோற்றைத் தட்டில் அள்ளி வைக்கிறார். வேண்டாம் என்றால் கோபம். – வாசகி, கும்பகோணம்

"டயட்டில் இருக்கிறேன்" என்ற பேச்சையே அவரிடம் எடுக்காதீர்கள், அது அவர் சமையலைக் குறை சொல்வதாகத்தான் காதில் விழும். அவர் கரண்டியை எடுப்பதற்குள் "அத்தை, உங்க அவரைக்காய்ப் பொரியல் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். பருப்பு, கீரை, கூட்டு, மீன் குழம்பில் மீன், எதை வேண்டுமானாலும் ரெண்டாம் தடவை கேட்கலாம். சோறு மட்டும் முதல் தடவை வைத்ததோடு நிற்கட்டும். கன்னத்துக்கு, "போன வாரம் டாக்டர் பார்த்துட்டு நல்லா இருக்கேன்னு சொன்னார் அத்தை" என்று சொல்லிவிடுங்கள், ஆனால் நிஜமாகவே ஒருமுறை போய் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.