கிருமியை விழுங்கும் வெள்ளணு கொழுப்பால் நிரம்புவது ஏன்?

அண்ணா நகரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு எல்டிஎல் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்) 160 என்று வந்ததாம். கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளணு தமனிச் சுவரில் கொழுப்பை ஏன் தின்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவருக்குள் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல், மேக்ரோஃபேஜ் என்ற அந்த விழுங்கும் வெள்ளணுவுக்குக் குப்பைதான். எல்டிஎல்லைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் வழக்கமான எல்டிஎல் ஏற்பியின் மரபணு, உள்ளே கொலஸ்ட்ரால் கூடியதும் அடங்கிவிடும். இந்த ஒழுங்கைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிடி36 போன்ற துப்புரவு ஏற்பிகளுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. போதாக்குறைக்கு, உள்ளே போன கொழுப்பின் சிதைவுகள் பிபிஏஆர் காமா புரதத்தைத் தூண்ட, அது சிடி36 மரபணுவை மேலும் முடுக்கிவிடுகிறது. தின்னத் தின்னப் பசி!

எல்எக்ஸ்ஆர் என்ற புரதம் ஏபிசிஏ1 மரபணுவை இயக்கிக் கொலஸ்ட்ராலை வெளியேற்றவும் பார்க்கிறது. வரவு மிஞ்சினால்தான் வெள்ளணு கொழுப்பு நிரம்பிய 'நுரை செல்' ஆகிறது. ஸ்டேட்டின் மாத்திரை முக்கியமாகக் கல்லீரல் வழியே ரத்த எல்டிஎல்லைக் குறைத்து, அந்த வரவைக் கட்டுப்படுத்துகிறது.