சியெம் ரீப்ல காலைல ஆறு மணிக்குக் கிளம்புங்க

வணக்கம் சார்,

உங்க அங்கோர் பயணக் கட்டுரைகள வீட்ல எல்லாரும் படிச்சோம். வர்ற பிப்ரவரில நாங்க அஞ்சு பேர் சியெம் ரீப் போறோம். யூடியூப்ல கம்போடியா ரோட்டுக்கடை சாப்பாடுன்னு தேடினா வறுத்த சிலந்தி, தேள், பாம்பு இதுதான் வருது. பையன் சிலந்தி தின்னு வீடியோ எடுத்தே தீரணும்னு நிக்கிறான். மாமியார் சைவம், அதப் பாத்துட்டு நான் வரவே இல்லைங்கிறாங்க. உண்மையிலயே அந்த ஜனங்க தெருவுல என்னதான் சாப்பிடறாங்க?

வாசகி, ஈரோடு

வணக்கம்ங்க,

மாமியாரக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் அங்க நிறைய இருக்கு.

சியெம் ரீப்ல டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கற பப் ஸ்ட்ரீட்ல ராத்திரி தள்ளுவண்டில குச்சில குத்தி வச்சிருக்கற தேளு, பாம்பெல்லாம் பெரும்பாலும் நம்மள மாதிரி வெளியூர்க்காரங்களுக்குத்தான், போட்டோ எடுத்தாக்கூட காசு கேப்பாங்க. அந்த ஊர்க்காரங்க சாப்பாடு காலைல இருக்கு. விடியக்காலம் துக்துக் (அந்த ஊர் ஆட்டோ) புடிச்சு பந்தேய் ஸ்ரே கோயிலுக்குப் போற ரோட்ல ப்ரே டாக்னு ஒரு கிராமத்துல இறங்குங்க. அங்க நும் பஞ்சோக்னு அரிசி நூடுல்ஸ் பண்றாங்க. நீங்க ஈரோடு, அதனால சந்தகைன்னு சொன்னா உடனே புரிஞ்சுரும். நாம மாவ வேக வச்சு அப்புறம் புழியறோம், அவங்க அரிசிய ஊறப்போட்டு லேசா புளிக்க விட்டு அரைச்சு, மாவுத்தண்ணிய துணில கட்டி மேல பாரம் வச்சு வடிச்சு, இடிச்சுப் பிசைஞ்சு, நேரா கொதிக்கற தண்ணிக்குள்ளயே புழியறாங்க. நான் பாத்த வீட்ல புழியற அச்சு ஒரு நீள மரத்தடில மாட்டி இருந்துச்சு, அந்தத் தடியோட நுனில ஒரு சின்னப் பொண்ணு ஏறி உக்காந்தா, அவ எடைல கீழ அண்டாக்குள்ள வெள்ளையா நூல் நூலா இறங்குது, அவங்க பாட்டி அத அள்ளி பச்சத்தண்ணில அலசி, விரல்ல சுத்திச் சுத்தி வாழையிலை விரிச்ச கூடைல அடுக்கினாங்க. கை அவ்வளவு வேகம். அதுமேல மீனு, தேங்காப்பால், எலுமிச்சம்புல், மஞ்சள் எல்லாம் இடிச்சுப் போட்ட இளம்பச்சைக் குழம்ப ஊத்தி, வாழைப்பூவ நறுக்கிப் போட்டு, வெள்ளரிக்கா, பச்சைத்தழை ஒரு கைப்பிடி வச்சுத் தராங்க. குழம்பு சூடா இருக்காது, அது கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க, அவங்க வழக்கமே அப்படித்தான்.

சாப்பிட்டுட்டு பாயோன் கோயில் போறப்ப வெளிச்சுவர்ல இருக்கற சிற்பங்கள நின்னு பாருங்க. சந்தைல பொம்பளைங்க மீன் விக்கறது, குச்சில கோத்து அடுப்புல சுடறது எல்லாம் இருக்கு, சுமார் 800 வருஷம் முன்னாடி செதுக்கினது.

இந்த இடத்துல உங்க பையன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. 1975 ஏப்ரல் 17ல கெமர் ரூஜ்ங்கற கம்யூனிஸ்ட் படை தலைநகர் ப்னாம் பென்ல நுழைஞ்சு ஊரையே காலி பண்ண வச்சாங்க. காசு செல்லாது, சந்தை கிடையாது, போகப் போக வீட்ல தனியா அடுப்பு பத்த வைக்கவும் கூடாதுன்னு ஆச்சு, எல்லாரும் பொதுக் கொட்டகைல வரிசைல நின்னு தண்ணிக்கஞ்சி வாங்கணும், பசி தாங்காம தானா எதையாவது தேடித் தின்னா தண்டனை. பூச்சி, எலி, தவளைன்னு கிடைச்சத ஒளிச்சுத் தின்னு பிழைச்சவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. 1979ல அந்த ஆட்சி விழுந்து, அடுத்த வருஷம்தான் ரியல்ங்கற அந்த நாட்டுக் காசே திரும்ப வந்துச்சு. அந்தப் பாட்டி வயசுக்காரங்க ரோட்டோரம் சட்டி வச்சு உக்காந்திருக்கறதப் பாக்கறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். சிலந்திய ஸ்கூன்ங்கற ஊர் பக்கம் அந்த ஊர்க்காரங்களே வாங்கித் திங்கறாங்க, பையனும் ஆசைப்பட்டா தாராளமா சாப்பிடட்டும், ஆனா அவங்க முன்னாடி மூஞ்சியக் கோணி வாந்தி வர்ற மாதிரி வீடியோ மட்டும் வேண்டாம்.

இப்ப மாமியார் விஷயம். சைவத்துக்கு அங்க பெரிய சிக்கல் ப்ரஹோக், உப்புப் போட்டு நாள்கணக்குல புளிக்க வச்ச மீன். வெறும் காய்னு சொல்லித் தர்றதுலயும் அதுவோ மீன் சாஸோ இருக்கும், அதனால குழம்பு வகை எதுவும் வேண்டாம். க்ராலான் கேளுங்க, ஒட்டரிசி, தேங்காப்பால், பயறு போட்டு மூங்கிலுக்குள்ள அடைச்சு தணல்ல சுட்டது, மேல் பட்டைய உரிச்சு உள்ள இருக்கறத அப்படியே கடிச்சுத் திங்கலாம். நும் க்ரோக் நம்ம குழிப்பணியாரமேதான், கல்லு கூட அதே குழிக்கல்லு, தொட்டுக்க தர்றது மட்டும் மீன் சாஸா இருக்கும், அத வேண்டாம்னு சைகைல சொன்னா புரிஞ்சுப்பாங்க. கரும்பு ஜூஸ் எங்கயும் கிடைக்கும், ஐஸ் போட்டா நடுவுல ஓட்டை இருக்கற உருளை ஐஸானு பாருங்க, அது ஃபேக்டரில செஞ்சது.

அப்புறம் பனை. நமக்கு மாநில மரம், அவங்களுக்கு தேசிய மரம். பனம்பழத்தப் பிசைஞ்சு அரிசிமாவோட சேத்து மஞ்சளா பஞ்சு மாதிரி அவிச்சு விப்பாங்க, நும் ஆகோர் த்னோட்னு பேரு, வாசனையே சொல்லிரும். பிப்ரவரி பதனி இறக்கற சீசன், அதே ப்ரே டாக் ரோட்டோரம் பெரிய வாணலில காய்ச்சிட்டு இருப்பாங்க, கொதிக்கறப்பவே கொஞ்சம் ஓலைல ஊத்தி ருசி பாக்கத் தருவாங்க. வெல்லத்த பனையோலைல சுருட்டிக் கட்டி விக்கறாங்க, ரெண்டு மூணு சுருள் வாங்கிக்கங்க, பேரம் பேசாதீங்க.