பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரத் தகவல் எல்லோரையும் ஒரே மாதிரி சென்றடையாதது ஏன்?

இணைய வசதி இல்லாததுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான். கொரோனா பற்றிய அமெரிக்க வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்புகளில் சைகைமொழி பெயர்ப்பாளரே இல்லை. காது கேளாதோர் வழக்குப் போட்டு, 2020 செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் அரை வருடம் ஓடிவிட்டது! முகக்கவசம் வேறு உதட்டசைவை மறைத்துவிட்டது.

மொழிச் சிக்கலும் உண்டு. சிறுபான்மை மொழியில் அறிவிப்பு வருவதற்குள் சில சமயம் விதியே மாறியிருக்கும். அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொள்ளும். இதற்கு வானொலியும் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரும்தான் சரியான வழி என்பது என் கருத்து.

அப்புறம், தகவல் கிடைத்தாலும் பின்பற்ற வசதி வேண்டுமே. ஒரே அறையில் ஆறு பேர் வசிக்கிறவர்களிடம் ‘தனி அறையில் இருங்கள்’ என்றால் என்ன செய்வார்கள்?